கடலில் இறங்கும் முன் நீரின் தரத்தை அறிவது எப்படி?

புதுதில்லி: விடுமுறை நாள்களில் நாட்டின் கடற்கரைகளில் திரளும் மக்கள், அலையின் உயரத்தைப் பார்த்தும் உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்று விசாரித்தும் கடலில் இறங்குகின்றனர். அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கேட்டறிந்து இறங்குவோர் மிகச் சிலரே. கடல் பரந்தது, அதில் கலக்கும் எதுவும் கரைந்து போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கரையிலிருந்து பல கி.மீ. தொலைவில் உள்ள நீருக்கு அது ஓரளவு பொருந்தலாம். மக்கள் குளிப்பதோ இடுப்பளவு ஆழத்தில், ஊரின் வடிகால்கள் வந்து சேரும் அதே விளிம்பில்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,023 கோடி லிட்டர், அதாவது 28 சதவீதம் மட்டுமே. எஞ்சியது ஓடைகள், ஆறுகள், கழிமுகங்கள் வழியாகச் செல்கிறது. கடலோர நகரங்களில் அதன் கடைசி நிறுத்தம் கடற்கரைதான்.

குளிக்கச் செல்பவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடற்கரையின் நீர் பொதுவாக எத்தகையது? இன்று அது எப்படி இருக்கிறது? முதல் கேள்விக்கு அரசு ஆவணங்களில் விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கு, இந்தியாவின் பெரும்பாலான கடற்கரைகளில், நேரில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

சட்டம் வகுத்துள்ள அளவு

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1998-ல் சேர்க்கப்பட்ட அட்டவணை, இந்தியக் கடலோர நீரை அதன் பயன்பாட்டைப் பொறுத்து 5 வகைகளாகப் பிரிக்கிறது. உப்பளங்கள், சிப்பி வளர்ப்பு, சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகள் ஆகியவற்றுக்கு உரியது முதல் வகை. குளியல், நீர் விளையாட்டு, வணிக மீன்பிடிப்பு ஆகியவற்றுக்கு உரியது எஸ்.டபிள்யூ.-2 எனப்படும் இரண்டாம் வகை. துறைமுக நீரும் கப்பல் போக்குவரத்துக்கான நீரும் கடைசி வகைகளில் வருகின்றன.

குளிப்பதற்குரிய கடல்நீரில் அமில-காரத்தன்மை 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கலங்கல்தன்மை 30 அலகுகளுக்குள் அடங்க வேண்டும். குளிப்பவரின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய அளவு இவற்றுக்கு அடுத்து வருகிறது: மனித, விலங்குக் கழிவிலிருந்து வரும் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மி.லி. நீரில் 100 என்ற எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஆண்டு மாதிரிகளில் 20 சதவீதத்திலும், பருவமழை மாதங்களில் அடுத்தடுத்த 3 மாதிரிகளிலும் சராசரி 200 வரை இருக்கலாம் என்ற தளர்வும் அதில் உண்டு.

இந்த 100 என்ற எண்ணை நினைவில் கொள்வது அவசியம். ஏனெனில் செய்திகளில் அடிக்கடி அடிபடும் 2,500 என்ற வரம்பு ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்கானது. 2025-ல் பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவின்போது கங்கை, யமுனை நீரின் தரம் குறித்து மத்திய வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை தாக்கல் செய்தபோது பேசப்பட்டது அந்த வரம்புதான். ஒரு கடற்கரையின் அளவீடு 400 என்றிருந்தால், 2,500-ஐ மனதில் வைத்துப் படிப்பவருக்கு அது மிகத் தூய்மையாகத் தோன்றும். கடலுக்குரிய வரம்பை அது நான்கு மடங்கு தாண்டியிருக்கிறது என்பதே உண்மை.

கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் எல்லாமே நோயை உண்டாக்குபவை அல்ல. கழிவுநீர் கலந்திருப்பதற்கான அடையாளம் என்பதால்தான் அவை எண்ணப்படுகின்றன. அந்தக் கழிவுநீரோடு வரக்கூடிய நோரோ வைரஸ், ஹெபடைடிஸ் ஏ வைரஸ், சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்றவற்றைத் தனித்தனியே தேடுவது நாள்தோறும் இயலாத காரியம். இந்த அடையாளத்திலும் ஒரு குறை உண்டு. உப்பு நீரிலும் வெயிலிலும் மலக் கோலிஃபார்ம் விரைவில் மடிகிறது. வைரஸ்கள் அதைவிட நீண்ட காலம் தாக்குப்பிடிக்கின்றன. உலக சுகாதார அமைப்பு கடல்நீருக்குக் குடல் என்டரோகாக்கஸ் என்னும், உப்பில் சற்று நெடுநாள் வாழும் பாக்டீரியாவை அளவுகோலாகக் கொண்டிருப்பது இதனால்தான். 100 மி.லி.யில் அதன் எண்ணிக்கை 200 முதல் 500 வரை இருக்கும் நீரில் குளிப்போரில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு வயிற்று நோய் ஏற்படலாம் என்பது அந்த அமைப்பின் மதிப்பீடு. பிரிட்டன் கடற்கரைகளில் ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட கணக்கு அது. நீரை அதிகம் விழுங்கும் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதலாகவே இருக்கும். இந்தியக் கடலோர நீர் அட்டவணையில் என்டரோகாக்கஸுக்கு இன்னும் இடமில்லை.

பழைய எண்ணைப் படிக்கும் முறை

தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் சேகரிக்கும் அளவீடுகளை, மத்திய வாரியம் ஆண்டுவாரியாகத் தொகுத்து இணையதளத்தில் வெளியிடுகிறது. மகாராஷ்டிர வாரியம் போன்ற சில மாநில அமைப்புகள் மாதாந்திர அளவீடுகளையும் வெளியிடுகின்றன. மும்பையின் ஜூஹூ, கிர்காவ் சௌபாட்டி போன்ற கடற்கரைகளின் விவரங்களை அவற்றில் காணலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் 1990-களின் தொடக்கத்திலிருந்து கடல்நீரின் தரத்தைக் கண்காணித்து வருகிறது.

இவற்றைப் பார்க்கும்போது சில நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். மொத்தக் கோலிஃபார்ம், மலக் கோலிஃபார்ம் என இரு பத்திகள் இருக்கும். முன்னது மண்ணிலும் தாவரங்களிலும் வாழ்பவற்றையும் சேர்த்த எண்ணிக்கை. பின்னதையே படிக்க வேண்டும். ஆண்டின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் தரப்பட்டிருந்தால் அதிகபட்சத்தைப் பார்ப்பதே அறிவுடைமை. பல அட்டவணைகளில் 1,600 என்ற எண் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். சோதனைக் குழாய் முறையில், மாதிரியைக் கூடுதலாக நீர்த்துப் பார்க்காதபோது கிடைக்கும் உச்ச அளவு அது. உண்மையான எண்ணிக்கை அதைவிட எவ்வளவு அதிகம் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அதேபோல 1.8-க்கும் குறைவு என்றிருந்தால், அந்த மாதிரியில் எதுவும் அகப்படவில்லை என்று பொருள். மாதிரி எங்கே எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். படகில் சென்று கரைக்கு அப்பால் எடுத்த மாதிரி, கரையோரத்தில் குளிப்பவருக்கு அதிகம் பயன்படாது.

இந்த எண்கள் எல்லாம் கடந்த காலத்தவை. மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்து எண்ணுவதற்கே குறைந்தது ஒரு நாள் ஆகும். குழாய் முறையில் 2 முதல் 4 நாள்கள் வரை பிடிக்கும். ஓதம் நாளுக்கு இரு முறை ஏறி இறங்கும் கரையில், இன்று கிடைக்கும் முடிவு எந்த நீரைப் பற்றியதோ அந்த நீர் எப்போதோ இடம்பெயர்ந்திருக்கும். ஆகவே இந்த அட்டவணைகளை ஒரு கடற்கரையின் இயல்பை அறியவே பயன்படுத்த வேண்டும். மூன்று ஆண்டுகளாக எல்லா மாதங்களிலும் வரம்பைத் தாண்டும் இடத்தில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இறங்காமல் இருப்பதே நலம். பருவமழை மாதங்களில் மட்டும் தாண்டும் இடத்தைப் பற்றி முடிவெடுக்க மழையைக் கவனித்தால் போதும்.

நீலக் கொடி சொல்வதும் சொல்லாததும்

டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்விக்கான அறக்கட்டளை வழங்கும் 'நீலக் கொடி' சான்றிதழ், சுற்றுலாப் பயணிகளுக்கு எளிதில் கிடைக்கும் அடையாளமாகும். 2020 அக்டோபரில் குஜராத்தின் சிவராஜ்பூர், டையூவின் கோக்லா, கர்நாடகத்தின் காசர்கோடு, படுபித்ரி, கேரளத்தின் காப்பாடு, ஆந்திரத்தின் ருஷிகொண்டா, ஒடிசாவின் புரி தங்கக் கடற்கரை, அந்தமானின் ராதாநகர் ஆகிய 8 இடங்கள் இதை முதலில் பெற்றன. 2021-ல் தமிழ்நாட்டின் கோவளமும் புதுச்சேரியின் ஈடனும், 2022-ல் லட்சத்தீவின் மினிக்காய் துண்டி, கத்மத் கடற்கரைகளும் சேர்ந்தபோது எண்ணிக்கை 12 ஆனது.

மொத்தம் 33 அளவுகோல்களில் நீரின் தரம் ஒரு பகுதி. 100 மி.லி.யில் ஈ-கோலை பாக்டீரியா 250-க்கும் என்டரோகாக்கஸ் 100-க்கும் மேற்படக் கூடாது. பருவத்தில் குறைந்தது 5 மாதிரிகள் எடுக்க வேண்டும். இரு மாதிரிகளுக்கு இடையே 31 நாள்களுக்கு மேல் இடைவெளி கூடாது. முடிவுகளைக் கடற்கரையில் உள்ள தகவல் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதும் விதி. பயணி பார்க்க வேண்டியது கொடியைவிட இந்தப் பலகையைத்தான், அதிலும் குறிப்பாக மாதிரி எடுக்கப்பட்ட தேதியை. இரண்டு மாதங்களுக்கு முந்தைய தாள் தொங்கினால் நிர்வாகத்தினரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

சான்றிதழ் நிரந்தரமானதும் அன்று. பராமரிப்புக் குறைபாடுகள் காரணமாக ருஷிகொண்டா 2025 மார்ச்சில் அதைத் தற்காலிகமாக இழந்து, பின்னர் திரும்பப் பெற்றது. மேலும், கொடி குறிப்பிட்ட நீளமுள்ள கரைக்கே பொருந்தும். புரி நகரில் தங்கக் கடற்கரைக்குச் சான்றிதழ் உண்டு. அதே நகரின் கழிவுநீரை பாங்கிமுஹாண் ஓடை கடலில் சேர்ப்பது பல ஆண்டுகாலப் புகார். விசாகப்பட்டினத்திலும் ருஷிகொண்டாவின் தரத்தை, 'கெட்டா' எனப்படும் ஓடைகள் வந்து கலக்கும் ஆர்.கே. கடற்கரைக்கும் பொருத்திப் பார்க்க முடியாது.

இன்றைய நீரை அறிய

நாள்தோறும் மாறும் காரணிகளில் முதன்மையானது மழை. வறண்ட நாள்களில் வடிகால்களிலும் தெருக்களிலும் தேங்கிக் கிடக்கும் அனைத்தையும் பருவத்தின் முதல் கனமழை ஒரே வீச்சில் கடலுக்குக் கொண்டுசேர்க்கிறது. மும்பையில் அது ஜூன் மாதத்திலும், சென்னை, புதுச்சேரி கரைகளில் பெரும்பாலும் அக்டோபரிலும் நிகழும். மழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாண அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் திறந்த கடலுக்கு ஒரு நாளும், முகத்துவாரப் பகுதிகளுக்கு 3 நாள்களும் பரிந்துரைக்கப்படுகின்றன. மழைநீர் வடிகாலில் கழிவுநீரும் சேர்ந்து ஓடும் இந்திய நகரங்களுக்கு 3 நாள் என்பதைக் குறைந்தபட்சமாகக் கொள்வதே பொருத்தம்.

அடுத்தது வடிகால் வாய். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா விரிகுடாவில் 1995-ல் ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வடிகால் வாய்க்கு நேரே குளித்தவர்களுக்குக் காய்ச்சல், வாந்தி, காதில் சீழ் வடிதல் போன்ற தொல்லைகள் 400 கஜத்துக்கு அப்பால் குளித்தவர்களைவிட அதிகமாக ஏற்பட்டது தெரியவந்தது. கடற்கரைக்குச் சென்றவுடன் இருபுறமும் சற்று நடந்து பார்த்தால் ஓடையோ குழாயோ இருப்பது தெரிந்துவிடும். கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்தாலும் போதும். கோவாவின் பாகா ஆறு, ஜூஹூவுக்கு அருகே இர்லா நாலா போன்றவை அதில் தெளிவாகத் தெரியும்.

ஓடையின் எந்தப் பக்கம் குளிப்பது என்பதும் பருவத்தைப் பொறுத்தது. வங்கக் கடலோரத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்லும். ஆகஸ்டில் ஓடைக்கு வடக்கேயும், டிசம்பரில் தெற்கேயும் அதன் கழிவு பரவும். மீனவர்களைக் கேட்டால் அன்றைய நீரோட்டத்தின் திசையைத் தயங்காமல் சொல்வார்கள். ஓதம் வற்றும்போது கழிமுக நீர் வெளியே வருகிறது. ஏறும்போது வெளிக்கடல் நீர் கரைக்கு வருகிறது. முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள கடற்கரைகளில் ஓதம் ஏறும் வேளை ஒப்பீட்டளவில் நல்லது.

வெயில் பாக்டீரியாவைக் கொல்வதால், பாக்டீரியா எண்ணிக்கை பொதுவாக விடியற்காலையில் அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். அதிகாலைக் கடல்தான் தூயது என்ற எண்ணத்துக்கு இது நேர்மாறானது. அலை நனைக்கும் ஈர மணலில் நீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு பாக்டீரியா தங்கியிருக்கக்கூடும் என்பதால், மணலில் விளையாடிய குழந்தைகளின் கைகளைக் கழுவிய பிறகே தின்பண்டம் கொடுக்க வேண்டும்.

நிறமும் நுரையும்

தெளிந்த நீரெல்லாம் தூயதாகிவிடாது. ஆயினும் சில அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிபவை. இரவில் நீலமாக ஒளிரும் அலைகளைக் காணக் கூட்டம் கூடுவது வழக்கமாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் சென்னையிலும் பின்னர் மும்பையிலும் காணப்பட்ட அந்த ஒளிக்கு நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம் காரணமாகும். பகலில் அந்நீர் பச்சையாகவோ செந்நிறமாகவோ தோன்றி, துர்நாற்றம் வீசினாலோ, மீன்கள் செத்து ஒதுங்கினாலோ அதில் இறங்கக் கூடாது. 2019 இறுதியில் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கிய வெண்நுரையில் குழந்தைகள் விளையாடிய படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். மழைவெள்ளத்தோடு வந்த கழிவுநீரும் சோப்புப் பொருள்களும் அந்த நுரைக்குக் காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டன.

கோவாவிலும் மேற்குக் கரையின் பிற பகுதிகளிலும் பருவமழைக்கு முந்தைய வாரங்களில் தார் உருண்டைகள் ஒதுங்குகின்றன. அவை பெரும்பாலும் தோலில் ஒட்டும் தொல்லையே. கப்பல் விபத்து வேறு வகையைச் சேர்ந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா-3 மூழ்கியபோது, கரை ஒதுங்கும் கொள்கலன்களிலிருந்து 200 மீட்டர் விலகி நிற்குமாறு மாநில நிர்வாகம் எச்சரித்தது. சிலைகள் கரைக்கப்பட்ட நாள்களுக்குப் பிறகும் சில நாள்கள் கடலைத் தவிர்ப்பது நல்லது. 2013-ல் கிர்காவ் சௌபாட்டியில் விநாயகர் சிலைகளைக் கரைக்கச் சென்ற பலரைத் திருக்கை மீன்கள் கொட்டிய சம்பவம், நீரின் தரம் மட்டுமே ஆபத்தன்று என்பதைக் காட்டியது.

ஐதராபாதில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் 'சமுத்ரா' செயலி உயரலை, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கைகளைத் தருகிறது. கொச்சி, விசாகப்பட்டினம் கடலில் அம்மையம் நிறுவியுள்ள மிதவைகள் உப்புத்தன்மை, ஆக்சிஜன், கலங்கல் போன்றவற்றை அளவிடுகின்றன. கழிவுநீர்ப் பாக்டீரியாவை இவை அளவிடுவதில்லை. குடிநீருக்காகக் கடைகளில் விற்கப்படும் சோதனைப் பட்டைகளும் கடல்நீருக்கு உதவா.

இறங்கித்தான் ஆக வேண்டுமெனில்

புரியிலும் ராமேசுவரத்திலும் தீர்த்தமாடுவோர் அட்டவணை பார்த்து நாள் குறிப்பதில்லை. அத்தகையோர் முகத்தை மூழ்கவிடாமல் இருப்பதும், ஆசமனத்துக்குச் சுத்தமான நீரைக் கையோடு கொண்டுசெல்வதும் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். நீரை விழுங்குவதுதான் வயிற்று நோய்க்கு முதன்மையான வழி. ஆறாத புண், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கல்லீரல் நோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள் இறங்காமல் இருக்க வேண்டும். வெப்பமான, உப்புக் குறைந்த கழிமுக நீரில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியா புண் வழியே நுழைந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். குளித்த மூன்று நாள்களுக்குள் வயிற்றுப்போக்கு, காதுவலி ஏற்பட்டாலோ, புண் சிவந்து வீங்கினாலோ கடலில் குளித்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

மும்பையில் நாளொன்றுக்குச் சுமார் 246 கோடி லிட்டர் கழிவுநீரைக் கையாளும் 7 சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். அவை முழுமையாக இயங்கும்போது ஜூஹூ போன்ற கரைகளின் அட்டவணை எண்கள் மாறுகின்றனவா என்பதை எவரும் இணையதளத்திலேயே பார்க்க முடியும்.

தமது ஊர்க் கடற்கரையின் அளவீடு இணையத்தில் கிடைக்காதவர்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு அமைப்புகளுக்குக் கட்டணம் 10 ரூபாய்; பல மாநிலங்களிலும் அதுவே. 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். விண்ணப்பத்தில் 'நீர் தூய்மையானதா' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். கடந்த 3 ஆண்டுகளின் மாதவாரியான மலக் கோலிஃபார்ம் அளவு, மாதிரி எடுத்த இடம், தேதி, நேரம், அருகிலுள்ள வடிகாலிலிருந்து அதன் தொலைவு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும்.